பிரம்மசக்தி ஊதிய வண்டிகள்

ஆனைமொழி என்ற ஊர் இரண்டு மலைகளுக்கு நடுவே, கணவாயின் வாய்க்கு நேராக உட்கார்ந்திருப்பதால், ஆனி பிறந்துவிட்டால் அங்கே கொடியில் காயப்போட்ட சேலை அடுத்த தெருவில்தான் கிடைக்கும், கல்யாணப் பந்தியில் இடது கையால் இலையைப் பிடித்துக்கொண்டு வலது கையால்தான் சாப்பிட முடியும், ஒருவர் இன்னொருவரைத் திட்டினால் அந்தத் திட்டு உரியவரிடம் போய்ச் சேராமல் கிழக்கே நாலு வீடு தள்ளி இருப்பவர் காதில் விழும், அவரும் காற்று கொண்டுவந்ததுதானே என்று அதைப் பெரிதுபடுத்தாமல் விட்டுவிடுவார். அப்படிப்பட்ட ஊரில் பட்டறைக்கார இசக்கித்துரை காற்றில் ஓடும் ஆட்டோ ஒன்று செய்யப்போவதாகச் சொன்னபோது யாரும் அதைக் கிறுக்குத்தனம் என்று நினைக்கவில்லை. இத்தனை நாள் ஏன் செய்யவில்லை என்றுதான் கேட்டார்கள்.

இசக்கித்துரைக்குப் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வெல்டிங் பட்டறையும் பஞ்சர் கடையும் இருந்தன. வெல்டிங் கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் பேசுவான், கழற்றிவிட்டும் பேசுவான், தூக்கத்திலும் பேசுவான். அவன் மனைவி பிரம்மசக்தி அத்தனையையும் கேட்டுக்கொண்டே சோறு வடிப்பாள், டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை பார்ப்பாள், கடைக்கு வருகிறவர்களுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுப்பாள். அவளும் ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் அங்கே ஏற்கெனவே அவன் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், ஓடுகிற பஸ்ஸில் ஏறுவானேன் என்று விட்டுவிடுவாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் விட்டுவிட்ட பேச்சு ஒரு மச்சு நிறைய இருக்கும்.

பழைய லாரிகளிலிருந்து கழற்றிய ஏர் டேங்குகளை இசக்கித்துரை ஒரு ஆட்டோவின் அடியில் பொருத்தினான். கம்ப்ரெஸர் வைத்து டேங்கில் காற்றை அமுக்கி அமுக்கி அடைத்துவிட்டால், திறந்துவிடும்போது அது விரிந்துகொண்டு வந்து பிஸ்டனைத் தள்ளும், சக்கரம் சுற்றும். பெட்ரோல் வேண்டாம், புகை கிடையாது, பின்னால் குழாயில் வருவது பிரிட்ஜைத் திறந்ததுபோன்ற குளிர்ந்த காற்றுதான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் வண்டி ஸ்டாண்டிலிருந்து புறப்பட்டால் மாதா கோயில் வரைக்கும்தான் போகும். அங்கே காற்று தீர்ந்து நின்றுவிடும். அதை ஓட்டச் சம்மதித்த சவரிமுத்து, ஆட்டோ ஸ்டாண்டுக்கே மூத்தவர், தினமும் மாதா கோயிலிலிருந்து அதைத் தள்ளிக்கொண்டு வந்து, "துரை, ஒன் வண்டி நல்ல பக்தியான வண்டிடே" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார்.

ஒரு சந்தை நாளில் கரண்ட் போய்விட்டது. ஆட்டோவில் கருவாட்டுக் கூடைகளோடு நாலு பெண்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், டேங்கோ காலி, கம்ப்ரெஸர் ஓடவில்லை. இசக்கித்துரை மின்வாரியத்தைப் பற்றி நீளமாகப் பேசிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் பிரம்மசக்தி காற்றடிக்கிற குழாயைக் கையில் எடுத்துப் பார்த்து, வாயில் தூசி அடைத்திருக்கிறதே என்று ஒரு ஊது ஊதினாள். டேங்கின் முள் எழுந்தது. அவள் மறுபடியும் ஊதினாள். முள் இன்னும் ஏறியது. மூன்றாவது தடவை ஊதியபோது ஆட்டோ மூன்று சக்கரத்திலும் லேசாக நிமிர்ந்து நின்றது.

"ஏட்டி, என்ன செய்யுத?" என்றான் இசக்கித்துரை.

"தூசி அடைச்சிருந்துச்சு. ஊதிவிட்டேன்."

"முள்ளு மேல ஏறுதே."

"ஊதுனா ஏறத்தான செய்யும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பில் வைத்த உலையைப் பார்க்கப் போனாள்.

அன்றைக்கு அந்த ஆட்டோ மாதா கோயிலைத் தாண்டியது, சந்தையைத் தாண்டியது, கருவாட்டுக் கூடைகளை இறக்கிவிட்டு வாழைத்தார்களை ஏற்றிக்கொண்டு மலையடிவாரம் போனது, அங்கிருந்து ஒரு பெண் பார்க்கிற கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு கீழூர் போனது, பொழுது சாயத் திரும்பி வந்து நின்றபோது டேங்கின் முள் கொஞ்சமாகத்தான் இறங்கியிருந்தது. சவரிமுத்து இறங்கி, முள்ளைப் பார்த்து, பட்டறையின் உள்பக்கம் பிரம்மசக்தியைப் பார்த்து, "மைனி, நாளைக்கும் ஊதுவியளா?" என்று மட்டும் கேட்டார்.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் அவளுடைய நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார். எல்லோருக்கும் இருப்பது போலத்தான் இருக்கிறது, லேசான மூக்கடைப்பு மட்டும் உண்டு என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். ஊரும் அதோடு அந்த ஆராய்ச்சியை முடித்துக்கொண்டது. ஒருத்திக்கு முடி நீளமாக இருக்கிறது, ஒருத்திக்குக் கைப்பக்குவம் நன்றாக இருக்கிறது, இவளுக்கு மூச்சு நிறைய இருக்கிறது, அவ்வளவுதான். அடுத்து என்ன என்று கேட்டார்கள்.

அடுத்து, ஸ்டாண்டிலிருந்த ஆட்டோக்கள் எல்லாம் காற்றுக்கு மாறின. பால் வண்டி மாறியது, குப்பை வண்டி மாறியது, கீழூர் போகும் மினி பஸ் மாறியது. கறுப்புப் புகை ஊரை விட்டுப் போனதும், பஸ் ஸ்டாண்டுக்கு நேர் பின்னால் இன்னொரு மலை இருப்பதை ஜனங்கள் முதன்முதலாகக் கவனித்து, இது யாருடைய மலை என்று விசாரித்தார்கள். சித்திரை வெயிலில் ஆட்டோக்களின் பின்னால் குளிர்ந்த காற்றை வாங்கிக்கொண்டு நடப்பதற்கென்றே ஒரு கூட்டம் சேர்ந்தது. அவர்கள் எங்கேயும் போகவேண்டியவர்கள் அல்ல, வண்டி போகிற இடத்துக்குப் போய்விட்டு வருவார்கள். பூக்காரிகள் மல்லிகைச் சரத்தை வண்டிக் குழாய்க்கு நேரே தொங்கவிட்டு வாடாமல் வைத்தார்கள்.

அவள் மூச்சில் ஓடிய வண்டியில் ஏறி இறங்கியவர்களுக்கு ஊஞ்சலிலிருந்து இறங்கியதுபோல லேசாகத் தலை சுற்றும், காரணமில்லாமல் சிரிப்பு வரும். வேலித் தகராறில் வருஷக்கணக்காகப் பேசாதிருந்த அண்ணனும் தம்பியும் தெரியாமல் ஒரே ஆட்டோவில் ஏறிவிட்டு, இறங்கும்போது கத்தரிக்காய்க்கு எந்த உரம் நல்லது என்று பேசிக்கொண்டு போனார்கள். தாசில்தார் ஜீப்பிலும் அவள் மூச்சை அடைத்த பிறகு, அவர் மனு கொடுக்க வந்தவர்களிடம் முதலில் சாப்பிட்டாச்சா என்று கேட்க ஆரம்பித்தார். பிரம்மசக்தி காலையில் பலாப்பழம் சாப்பிட்டால் அன்றைக்கு ஊர் முழுக்கப் பலாப்பழ வாசனை. அவள் சந்தோஷமாக ஊதினால் வண்டிகள் வேகத்தடைகளில் துள்ளித் துள்ளிப் போகும். அவளுக்கு யார்மேலாவது வருத்தம் என்றால் எந்த வண்டியும் அவர் வாசலில் நிற்காது, இரண்டு வீடு தள்ளித்தான் நிற்கும். அவர்களும் இறங்கி நடந்து வந்து, மறுநாள் பட்டறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவார்கள்.

ஊரில் இருந்த ஒரே பெட்ரோல் பங்க்கின் சொந்தக்காரர் பால்வண்ணம் பிள்ளைக்கு மட்டும் வேலை இல்லாமல் போனது. அவர் கோபக்காரர் இல்லை. காலியாகக் கிடந்த சிமெண்டுத் தரையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் மிளகாய் வற்றல் காயப்போட்டுக்கொள்ள அனுமதித்தார், நாற்காலி போட்டு உட்கார்ந்து காக்காய் விரட்டினார், பொழுது போகாதபோது கணவாய் நெடுக நிற்கும் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படி ஊர் சிரித்துக்கொண்டே ஓடியபோது பிரம்மசக்தி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். விடிவதற்கு முன்பே வண்டிகள் வரிசையில் நிற்கும். ஒரு கையில் டீயும் ஒரு கையில் குழாயுமாக அவள் ஊதுவாள். ஊர் அவளைத் தாங்கியது. ஒரு வீட்டிலிருந்து நாட்டுக்கோழி முட்டை வரும், ஒரு வீட்டிலிருந்து சுக்குப்பால் வரும், ஒரு வீட்டிலிருந்து தலைக்குத் தேய்க்கச் செக்கு எண்ணெய் வரும். கூடவே ஆளுக்கொரு சொல்லும் வந்தது. ஐஸ் சாப்பிடாதீங்க மைனி, மழையில நனையாதீங்க, அழுற மாதிரி படமெல்லாம் பாக்காதீங்க, ரொம்பச் சிரிச்சா மூச்சு சிந்திரும். தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குக் கீழூர் போய்வர வேண்டும் என்று அவள் இசக்கித்துரையிடம் சொல்ல வந்தபோது, அவன் அதற்குள் அடுத்த மாதம் மாற்றப்போகிற வண்டிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு ஊரே அவள் மூச்சில் போய்விட்டு வந்து, சாப்பாடு பிரமாதம் என்று அவளிடம் சொன்னது.

பேரூராட்சித் தலைவி ஞானசுந்தரி, எதையும் கல்லில் கட்டிவிட வேண்டும் என்று நினைக்கிறவர், ஸ்டாண்டுக்கு நடுவில் ஒரு காற்று மண்டபம் கட்டினார். உள்ளே மெத்தை வைத்த பெரிய நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி, நாற்காலிக்கு முன்னால் பித்தளைக் குழாய், அதிலிருந்து தரைக்கடியில் நாலா பக்கமும் ஓடும் கிளைக் குழாய்கள். இனி மைனி ஒரு அடிகூட எடுத்து வைக்க வேண்டியதில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்து ஊதினால் ஊருக்கே நிறையும்.

திறப்பு விழாவுக்கு மேளம் வந்தது, சீரியல் பல்பு போட்டார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் காற்றைப் பற்றிப் பாடினார்கள். பட்டுச்சேலையில் பிரம்மசக்தியை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நாற்காலி மெத்தென்றுதான் இருந்தது. அவளுக்கு நேர் எதிரே மாலை போட்ட ஆட்டோக்கள் வரிசையாக, முகம் ரோட்டைப் பார்க்க நின்றிருந்தன. இவற்றில் ஒன்றில்கூட நான் ஏறியதில்லையே என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

"ரெண்டு வார்த்தை பேசுங்க மைனி" என்று சவரிமுத்து மைக்கை நீட்டினார்.

பிரம்மசக்தி மைக்கை வாங்கினாள். கூட்டம் அடங்கியது. இசக்கித்துரைகூட வாயை மூடினான். மச்சு நிறையச் சேர்ந்திருந்த பேச்சு படியிறங்கித் தொண்டை வரைக்கும் வந்தது. அவள் வாயைத் திறந்தாள்.

"வேண்டாம் வேண்டாம்" என்று ஞானசுந்தரி சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கிக்கொண்டார். "பேசினா மூச்சு வீணாகும்லா. அவங்க சார்பா நானே பேசிருதேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். பிரம்மசக்தி வந்ததை விழுங்கினாள். விழுங்கியது உள்ளே போகவில்லை. விக்கல் வந்தது.

முதல் விக்கல் பித்தளைக் குழாய் வழியாகத் தரைக்கடியில் இறங்கி எல்லா வண்டிகளுக்கும் ஒரே சமயத்தில் போய்ச் சேர்ந்தது. மாலை போட்ட ஆட்டோக்கள் வரிசையாக ஒருமுறை குதித்தன. கூட்டம் அதையும் விழாவில் ஒரு நிகழ்ச்சி என்று நினைத்து இன்னொரு முறை கைதட்டியது.

விக்கல் நிற்கவில்லை. மறுநாள் ஊரே விக்கியது. ஆட்டோக்கள் பத்தடி ஓடும், ஒரு விக்கல் விக்கும், ஏறியிருப்பவர்கள் கூரையில் தலையை இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். மினி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தவர் கீழூர் போய்ச் சேரும்போது நடுவில் உட்கார்ந்திருப்பார். பால் வண்டி கடைசித் தெருவுக்கு வருவதற்குள் கேன்களில் வெண்ணெய் திரண்டது, அந்தத் தெருக்காரர்கள் சண்டை போடாமல் வாங்கிக்கொண்டார்கள். குப்பை வண்டி எடுத்த குப்பையை அவரவர் வாசலில் ஒரு பங்கு திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது. சவரிமுத்துவின் மகள் லூர்துமணிக்கு வயிற்றில் பிள்ளை திரும்பாமல் கிடக்கிறது, அறுவை செய்துதான் எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆட்டோவில் அவளைக் கொண்டுபோனபோது முதல் விக்கலில் பிள்ளை திரும்பியது, இறைச்சிக் கடை முக்கில் இறங்கத் தொடங்கியது, ஆஸ்பத்திரி வாசலில் அம்மா மடியில் கிடந்தது. டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தார், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதால் குழந்தைக்குப் பெயர் என்ன என்று கேட்டார்.

ஊர் சிரித்து முடித்த பிறகுதான் பிரம்மசக்தியின் முகத்தைப் பார்த்தது. விக்கி விக்கி அவளால் சாப்பிட முடியவில்லை, படுக்க முடியவில்லை. கன்னம் ஒட்டிவிட்டது. டாக்டர் ஊசி போட்டார். கேட்கவில்லை. ஏதாவது பெரிய அதிர்ச்சி கொடுத்தால் நின்றுவிடும் என்று யாரோ சொன்னார்கள். அதன்பிறகு ஆனைமொழி முழுக்க அவளைத் திடுக்கிட வைக்கக் கிளம்பியது. ஜன்னலுக்குப் பின்னால் சரவெடி வெடித்தார்கள். புலி வேஷம் கட்டிய ஒருவர் அடுப்பங்கரையிலிருந்து பாய்ந்து வந்தார், அவள் விக்கிக்கொண்டே அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். இன்ஸ்பெக்டர் வந்து உன்னைக் கைது செய்கிறேன் என்றார், அவள் செருப்பைத் தேடினாள். பால்வண்ணம் பிள்ளை வந்து பங்க்கை உங்களுக்கே கொடுத்துவிடுகிறேன் என்றார். அதற்கும் ஒரு விக்கல்தான் பதிலாக வந்தது. அவர் எதற்கும் இருக்கட்டும் என்று கொடுத்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு இசக்கித்துரை மனைவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவனிடம் பேச்சு தீர்ந்துபோயிருந்தது. ஏதாவது சொல்லலாம் என்று உள்ளே தேடிப் பார்த்தான், ஒன்றும் அகப்படவில்லை. இத்தனை வருஷத்தில் அந்தப் பட்டறை முதன்முதலாக அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். விக்கல் வரும்போதெல்லாம் அவள் தோள் தூக்கிப்போட்டது. அவள் வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

"ஏட்டி பிரம்மு" என்றான். "ஒனக்கு என்ன வேணும்?"

பாதி ஏறிய விக்கல் அப்படியே நின்றது.

தெருவில் போய்க்கொண்டிருந்த பால் வண்டியும் குதிக்கப்போன இடத்தில் குதிக்காமல் வழவழவென்று போனது. ஸ்டாண்டில் சவரிமுத்து டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றார்.

"என்ன கேட்டிய?" என்றாள் பிரம்மசக்தி.

"ஒனக்கு என்ன வேணும்னு கேட்டேன்."

அவள் அந்தக் கேள்வியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்ன குழம்பு என்று கேட்டிருக்கிறான், பத்தாம் நம்பர் ஸ்பானர் எங்கே என்று கேட்டிருக்கிறான், இன்னும் எத்தனை வண்டிக்கு ஊதுவாய் என்று கேட்டிருக்கிறான். இதைக் கேட்டதில்லை. சரவெடியும் புலியும் போலீஸும் செய்யாததை இது செய்துவிட்டது.

"நான் ஓட்டணும்" என்றாள்.

"எதை?"

"வண்டிய. நானே ஊதி நானே ஓட்டணும். நீங்க பின்னால உக்காரணும். வழியில நான் பேசுவேன், நீங்க கேக்கணும்."

"எங்க போகணும்?"

"அத ஓட்டும்போதுதான் யோசிக்கணும்" என்றாள்.

செய்தி தெருவுக்குப் போனதும் ஊர் பட்டறை வாசலில் கூடியது. விக்கல் நின்றதில் எல்லோருக்கும் சந்தோஷம், அடுத்ததைக் கேட்டதில் எல்லோருக்கும் கலக்கம்.

"மைனி வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டா, எங்க வண்டிக்கு யாரு ஊதுவா?" என்று சவரிமுத்து கேட்டார். அவர் மோசமான மனிதர் இல்லை. பேரப்பிள்ளை பிறந்த மகிழ்ச்சியில் இருந்தவர், கேட்ட பிறகு அவருக்கே அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

ஞானசுந்தரி, ஏதோ சொல்லவேண்டும் என்று தொடங்கி, "நாற்காலிக்கு மெத்தை புதுசு" என்று மட்டும் சொன்னார்.

கூட்டத்தின் பின்பக்கத்திலிருந்து பால்வண்ணம் பிள்ளையின் குரல் வந்தது. "கணவாயில காத்தாடி சும்மா சுத்திக்கிட்டுத்தான் கெடக்கு. அதுல கம்ப்ரெஸரை மாட்டுனா என்ன? என் பங்க்குல எடம் இருக்கு. மிளகாய மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடணும்."

"ஒங்க காத்து மாதா கோயில் வரைக்கும்தான் போகும் அண்ணாச்சி" என்றான் இசக்கித்துரை.

"மாதா கோயில்ல ஒரு பங்க்கு வைப்பேன்."

"அதுக்கு அப்புறம்?"

"அதுக்கு அப்புறம் ஒண்ணு. ஒனக்கு என்னடே அவசரம்?"

அப்படியே நடந்தது. காற்றாலைகள் கம்ப்ரெஸரை ஓட்டின, வண்டிகள் கொஞ்ச தூரம் போய் நின்று நிரப்பிக்கொண்டு மறுபடி கொஞ்ச தூரம் போயின. நின்ற இடமெல்லாம் டீக்கடை வந்தது, வடைக்கடை வந்தது, ஓரிடத்தில் கேரம் போர்டு வந்தது. கீழூருக்குப் போகிறவர்கள் முன்பைவிடத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள், போய்ச் சேருவதற்குள் வழியிலேயே பாதி உறவுக்காரர்களைப் பார்த்து முடித்திருந்தார்கள். பெண் பார்க்கப் போன ஒரு மாப்பிள்ளை நடுவழி வடைக்கடையிலேயே இன்னொரு பெண்ணைப் பார்த்துவிட்டான். பழைய வேகம் போய்விட்டதே என்று முனகினவர்களும் உண்டு, அவர்களுக்கு இரண்டாவது வடை கொடுக்கப்பட்டது. காற்று மண்டபத்து நாற்காலியில் லூர்துமணி பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.

பிரம்மசக்தி பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதல் நாள் கோல் கம்பத்தைச் சாய்த்தாள், இரண்டாம் நாள் அதே கம்பத்தை மறுபக்கமாக இடித்து நிமிர்த்தினாள். லைசென்ஸ் கைக்கு வந்த காலையில் குழாயை எடுத்து, அவசரமில்லாமல், தனக்காக ஒரு நீளமான ஊது ஊதினாள். முள் போகக்கூடிய கடைசிக்குப் போய் நின்றது. இசக்கித்துரை பின்சீட்டில் ஏறி ஓரமாக உட்கார்ந்தான். ஊர் இரண்டு பக்கமும் நின்று பார்த்தது, யாரும் கை தட்டவில்லை, எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்கள்.

ஊரைத் தாண்டியதும் அவள் பேச ஆரம்பித்தாள். கல்யாணத்தன்று மோர்க்குழம்பில் உப்பில்லாததிலிருந்து தொடங்கினாள். கணவாயின் எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது, வண்டி அதை இரண்டாகக் கிழித்துக்கொண்டு ஏறியது, அவள் முந்தானை பின்னால் பறந்து இசக்கித்துரையின் முகத்தை மூடி மூடித் திறந்தது, அவன் "ம்" கொட்டிக்கொண்டே வந்தான், சில இடங்களில் சிரித்தான், ஓரிடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டான், ஒரு இடத்தில், "அப்படியா செஞ்சேன்?" என்று கேட்டான். "அப்படித்தான் செஞ்சிய" என்று சொல்லிவிட்டு அவள் மேலே போனாள். மலை ஏறியது, மலை இறங்கியது, ரப்பர் மரங்கள் வந்தன, கடைப் பலகைகளில் எழுத்து வட்ட வட்டமாக மாறியது. அவள் கல்யாணமாகி மூன்றாம் வருஷம் வரைக்கும்தான் சொல்லி முடித்திருந்தாள்.

செக்போஸ்டில் ஒரு போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். காலையிலிருந்து வெயிலில் நின்றவர். சத்தமில்லாமல் வந்து நின்ற வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார், பெட்ரோல் டேங்கைத் தேடினார், காணவில்லை.

"இது என்னத்துல ஓடுது? பெட்ரோலா, கேஸா, பேட்டரியா?"

பிரம்மசக்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நாந்தான் சார்" என்றாள்.

போலீஸ்காரர் பின்பக்கம் போய்க் குனிந்து குழாய்க்கு நேராகக் கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அவர் மீசை இரண்டு பக்கமும் மெல்ல விரிந்தது. போய்த் தடுப்புக் கட்டையைத் தூக்கினார்.

"மெதுவாப் போங்க" என்றார்.

அவள் மெதுவாகப் போகவில்லை.